சட்டம் தெரிந்தால் போதுமா? தொழில்நெறி என்ற அந்த இன்னொரு பாடம்

1973-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லேக் பிளசன்ட் பகுதியில் ஒரு கொலை நடந்தது. பிடிபட்டவருக்கு வாதாட ஃபிராங்க் அர்மானி என்ற வழக்கறிஞர் வந்தார். துணைக்கு ஃபிரான்சிஸ் பெல்ஜ் என்பவரைச் சேர்த்துக்கொண்டார். பேச்சின் நடுவே கட்சிக்காரர் ஒன்றைச் சொல்லிவிட்டார்: காணவில்லை என்று தேடப்பட்டுவந்த வேறு இரண்டு பெண்களையும் கொன்றது தானே, உடல்கள் இன்னின்ன இடத்தில் கிடக்கின்றன. இரண்டு வழக்கறிஞர்களும் அந்த இடங்களைத் தேடிப் போனார்கள். சொன்னது உண்மைதான். படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பெண்களில் ஒருவரின் தந்தை நேரில் வந்து, ஏதாவது தெரியுமா என்று கேட்டார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு விசாரணையில் கட்சிக்காரரே கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான், வக்கீல்களுக்கு இது மாதக்கணக்கில் தெரியும் என்ற சேதி வெளியே வந்தது. ஊர் கொதித்தது. பெல்ஜ் மீது குற்றவழக்கே பதிவானது. இறந்தவருக்கு முறையான அடக்கம் கிடைக்கவிடாமல் செய்தார், மரணத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவில்லை என்று. 1975-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதைக் காப்பது வழக்கறிஞரின் கடமை, அதைச் செய்தவரைத் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தக் கதையைச் சட்ட வகுப்பில் சொன்னால் முதல் ஐந்து நிமிடம் இரைச்சல்தான். இவர்கள் மனிதர்கள்தானா என்று பாதி வகுப்பு. சொல்லியிருந்தால் இனி எவன் வக்கீலிடம் உண்மை பேசுவான் என்று மீதி. இரைச்சல் அடங்கி, இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது உறைக்கத் தொடங்கும்போது ஒரு கேள்வி வரும்: இப்படி ஒரு நிலைமையில் என்ன செய்வது என்பதை ஒருவருக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்க முடியுமா? சட்டக் கல்வியில் தொழில்நெறி என்று பேசுவதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பெயரில் இருக்கும் குழப்பம்

ஆங்கிலத்தில் இதைப் புரொஃபஷனலிசம் என்கிறார்கள். நம் பேச்சில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: தொழில் தர்மம். நல்ல சொல்தான். ஆனால் அதை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். வாடிக்கையாளரை ஏமாற்றாமல் இருப்பதும் தொழில் தர்மம். சக தொழில்காரரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதும் தொழில் தர்மம். சட்டத் தொழிலில் இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதும்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1988-இல் முடிந்த ஹிம்மல் வழக்கு இதற்கு உதாரணம். ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய இழப்பீட்டுப் பணத்தை அவருடைய பழைய வக்கீல் எடுத்துக்கொண்டார். அதை மீட்க அந்தப் பெண் அமர்த்திய புதிய வக்கீல்தான் ஹிம்மல். பணத்தைத் திருப்பித் தந்தால் புகார் கொடுக்க மாட்டோம் என்று அவர் சமரசம் பேசினார். கட்சிக்காரருக்கும் அதில் சம்மதம்தான். ஆனாலும் சக வக்கீலின் முறைகேட்டை மறைத்ததற்காக, அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஹிம்மலை ஓர் ஆண்டு தொழில் செய்யத் தடைவிதித்தது. பணம் பறிகொடுத்தவருக்கு அவர் நல்லதுதான் செய்தார். அடுத்து அதே பழைய வக்கீலிடம் போய் மாட்டப்போகும் ஆட்களை அவர் யோசிக்கவில்லை.

இந்தக் குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே தொழில்நெறி என்றே எழுதுகிறேன்.

சரி, மற்ற வேலைகளுக்கு இல்லாத என்ன நெறி இதற்கு மட்டும்? மருத்துவம், சட்டம் போன்ற சில தொழில்களில், பணம் கொடுப்பவரால் தான் வாங்கும் சரக்கைச் சோதித்துப் பார்க்க முடியாது. ஒரு மனு நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கட்சிக்காரருக்கு எப்படித் தெரியும்? வழக்கு தோற்றால், வழக்கே பலவீனமா, வக்கீல் படிக்காமல் போனாரா என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு இன்னொரு வக்கீல் வேண்டும். அதோடு, உரிமம் இல்லாத யாரும் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்று அரசு வேலி போட்டுத் தந்திருக்கிறது. யார் உள்ளே வரலாம், தப்பு செய்தவரை எப்படித் தண்டிப்பது என்பதையும் பல நாடுகளில் பெரும்பாலும் அந்தத் தொழிலின் மன்றங்களிடமே விட்டிருக்கிறார்கள். இது ஒரு பேரம். சமூகம் ஏகபோக உரிமையைத் தருகிறது. பதிலுக்கு, யாரும் பார்க்காத இடத்திலும் உங்கள் லாபத்தைவிடக் கட்சிக்காரரின் நலனையும் நீதிமன்றத்தின் நம்பிக்கையையும் மேலே வையுங்கள் என்கிறது. புரொஃபஷன் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கே பலர் அறிய அறிவிப்பது என்று பொருள். உறுதிமொழி எடுத்துவிட்டு உள்ளே வருகிற தொழில் என்பது அதன் உட்கிடை.

யாருக்கு விசுவாசம்?

புதிதாகச் சட்டம் படிக்க வருபவர்களில் பலர், வக்கீல் என்றால் கட்சிக்காரரின் ஆள் என்றே நினைக்கிறார்கள். கொஞ்சம் படித்ததும், இல்லை, அவர் நீதிமன்றத்தின் அலுவலரும்கூட என்று தெரியவரும். ஒரே ஆள் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்வதுபோல. அது போதாதென்று எதிர்த்தரப்பிடம் நேர்மை, பொதுமக்களுக்குச் சில கடமைகள் வேறு. பெரும்பாலான நாட்கள் இவை எல்லாம் ஒரே திசையில் போகும். ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் நாள்தான் சோதனை.

கட்சிக்காரர் கூண்டில் பொய் சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-இல் நிக்ஸ் எதிர் ஒயிட்சைட் வழக்கில் இதைப் பார்த்தது. தற்காப்புக்காகக் கத்தியால் குத்தினேன் என்பது குற்றம்சாட்டப்பட்டவரின் வாதம். எதிராளியின் கையில் துப்பாக்கியைப் பார்க்கவில்லை என்று வக்கீலிடம் முதலில் சொல்லியிருந்தார். விசாரணைக்குச் சில நாட்கள் முன்பு, உலோகம்போல ஏதோ பார்த்தேன் என்று சொல்லப்போவதாக அறிவித்தார்; சொல்லாவிட்டால் தோற்றுவிடுவேன் என்றும் சேர்த்தார். அப்படிப் பொய் சொன்னால் நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிட்டு விலகிக்கொள்வேன் என்று வக்கீல் மிரட்டினார். தண்டனை பெற்றவர், என் வக்கீலே எனக்கு எதிராக நின்றார் என்று மேல்முறையீடு செய்தார். வக்கீல் உதவி பெறும் உரிமையில் பொய்சாட்சிக்கு உதவி பெறும் உரிமை அடங்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அர்மானி வழக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடந்துமுடிந்த குற்றத்தைப் பற்றிக் கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் காக்க வேண்டும். நடக்கப்போகும் பொய்க்குத் துணைபோகக் கூடாது. எல்லாவற்றையும் தீர்க்கும் சூத்திரம் என்று இதை நினைத்துவிடாதீர்கள், ஆனால் ஆரம்பத்துக்கு ஒரு பிடி கிடைக்கும்.

வகுப்பறையில் என்ன நடக்கிறது

ஒரு காலத்தில் சட்டம் கற்பதென்றால் ஒரு சீனியரிடம் போய் உட்காருவதுதான். பத்திரங்களை நகலெடுப்பது, அவர் பின்னாலேயே நீதிமன்றம் போவது, அவர் கட்சிக்காரரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பது. சீனியர் நல்லவராக அமைந்தால் தொழிலும் நெறியும் சேர்ந்தே வந்துவிடும். மோசமானவராக அமைந்தால், அதுவும் சேர்ந்தே வரும்.

இதை மாற்றியதில் பெரிய பங்கு கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெலுக்கு உண்டு. 1870-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவரானவர். சட்டம் ஓர் அறிவியல், அதன் ஆய்வுக்கூடம் நூலகம், ஆராய வேண்டிய பொருள் தீர்ப்புகள் என்பது அவருடைய நம்பிக்கை. மாணவர் தீர்ப்பைப் படித்துவிட்டு வர வேண்டும். ஆசிரியர் விரிவுரை ஆற்றாமல் கேள்வி கேட்டுக் குடைவார். இந்த உண்மையை மாற்றினால் முடிவு மாறுமா? அந்த வாதம் நிற்குமா? சாக்ரடீஸ் முறை என்று இதற்குப் பெயர் வந்தது. வக்கீல்போல யோசிக்க இது அருமையான பயிற்சி, அதில் சந்தேகமே இல்லை. எந்த உண்மை வழக்குக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரிக்கும் கூர்மை இதில்தான் வருகிறது.

ஆனால் ஒரு பக்கவிளைவு உண்டு. தீர்ப்பில் வரும் மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ‘வாதி’, ‘பிரதிவாதி’ ஆகிவிடுகிறார்கள். ‘இது அநியாயம் இல்லையா சார்?’ என்று முதல் மாதத்தில் கை தூக்கிய மாணவி, ஆறாவது மாதத்தில் அதைக் கேட்பதில்லை. அப்படிக் கேட்பது விவரம் தெரியாதவர் கேள்வி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை; வகுப்பின் புன்னகையே சொல்லிவிட்டது. உணர்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு யோசிப்பது ஒரு திறமை. தள்ளிவைத்ததை எப்போது திரும்ப எடுக்க வேண்டும் என்பதற்குப் பாடத்திட்டத்தில் இடமே இல்லாமல் போனதுதான் கோளாறு.

இந்தக் கோளாறு அம்பலமானது, அமெரிக்க ஜனாதிபதி நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் ஊழலில். 1973-இல் செனட் குழு முன்பு சாட்சியம் சொன்ன வெள்ளை மாளிகை ஆலோசகர் ஜான் டீன், சம்பந்தப்பட்டவர்கள் பட்டியல் ஒன்றை வைத்திருந்தார். அதில் வழக்கறிஞர்களாக இருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. குறிகள் ஏராளம். அவரும் ஒரு வழக்கறிஞர். அவருடைய ஜனாதிபதியும்தான். எல்லோரும் நல்ல கல்லூரிகளில் படித்தவர்கள். சட்டம் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லவே முடியாது. 1974-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், தன் அங்கீகாரம் வேண்டும் சட்டப் பள்ளிகள் எல்லாம் தொழில்நெறியைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. 1980-இலிருந்து அதற்கென்று தனித் தேர்வும் வந்தது. தேர்வு என்று ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? நெறி என்பது நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விஷயமானது. விதிகளை மனப்பாடம் செய்தவர்கள் தேறினார்கள்.

2007-இல் கார்னகி அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இந்தக் குறையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஒரு வழக்கறிஞருக்கு மூன்று விதப் பயிற்சி வேண்டும் என்றது அது. சிந்திக்கப் பழகுவது ஒன்று. மனு எழுதுவது, சாட்சியை விசாரிப்பது, கட்சிக்காரரிடம் பேசுவது என்று கைத்திறன் பழகுவது இன்னொன்று. நான் எப்படிப்பட்ட வழக்கறிஞராக இருக்கப்போகிறேன் என்ற அடையாளத்தை உருவாக்கிக்கொள்வது மூன்றாவது. முதலாவதைச் சட்டப் பள்ளிகள் பிரமாதமாகச் செய்கின்றன. மற்ற இரண்டையும், முக்கியமாக மூன்றாவதை, கைவிட்டுவிட்டன என்பது அறிக்கையின் குற்றச்சாட்டு. மாணவர்கள் இந்தத் தொழில் அடையாளத்தை வளர்த்துக்கொள்ளத் தகுந்த வாய்ப்புகளைப் பள்ளிகள் தர வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் தரவிதிகளில் சேர்க்க 2022 வரை ஆனது.

விதி முடிகிற இடம்

விதிகளைப் படித்தால் போதாதா, எதற்கு அடையாளம் கிடையாளம் என்று கேட்கலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த ஸ்பால்டிங் எதிர் ஜிம்மர்மன் வழக்கை இதற்குப் பதிலாகச் சொல்வது வழக்கம்.

1956-இல் ஒரு கார் விபத்து. டேவிட் ஸ்பால்டிங்குக்கு அப்போது இருபது வயது. அன்றைய சட்டப்படி மைனர். நஷ்டஈடு வழக்கில் எதிர்த்தரப்பு அவரைத் தன் மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பியது. அந்த மருத்துவர் ஒன்றைக் கண்டுபிடித்தார்: இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியில் ஒரு வீக்கம். விபத்தால் வந்திருக்கலாம். வெடித்தால் உயிர் போய்விடும். அறிக்கை எதிர்த்தரப்பு வக்கீல்களின் கைக்குப் போனது. ஸ்பால்டிங்குக்கோ அவருடைய மருத்துவருக்கோ இது தெரியாது. வக்கீல்கள் வெளியே சொல்லவில்லை. சொன்னால் நஷ்டஈட்டுத் தொகை ஏறிவிடும். 6,500 டாலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து ராணுவ ரிசர்வ் படைக்கான பரிசோதனையில் தற்செயலாக அந்த வீக்கம் தெரியவந்து, அவசரமாக அறுவை சிகிச்சை நடந்தது. மைனரின் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலை உண்மையை மறைத்து வாங்கிவிட்டார்கள் என்று சொல்லிச் சமரசத்தை ரத்து செய்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 1962-இல் அதை உறுதிசெய்தது. கவனியுங்கள்: வக்கீல்கள் எதிர்த்தரப்பிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அன்றைய விதிப்படி அவர்கள் மௌனம் காத்தது குற்றமாகாது.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தும். ரகசியம் என்பது வக்கீலுடைய சொத்து கிடையாது, கட்சிக்காரருடையது. அவர் சம்மதித்தால் சொல்லலாம். ‘அந்தப் பையன் உயிருக்கு ஆபத்து இருக்கிறது, சொல்லிவிடட்டுமா?’ என்று தன் கட்சிக்காரரிடம் கேட்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. பலர் சொல்லுங்கள் என்றுதான் சொல்வார்கள். விதி என்ன சொல்கிறது என்று மட்டும் பார்க்கப் பழகியவருக்கு அந்த எளிய கேள்வி தோன்றுவதில்லை.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. எதிர்த்தரப்பு மருத்துவரின் அறிக்கையைக் கேட்டு வாங்கும் உரிமை ஸ்பால்டிங்கின் வக்கீலுக்கு இருந்தது. அவர் கேட்கவில்லை. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலையைச் சரியாகச் செய்யாததுதான். தொழில்நெறி என்றதும் நாம் நேர்மையைத்தான் நினைக்கிறோம். ஆனால் நாள்தோறும் கட்சிக்காரர்களுக்கு நடக்கும் தீங்கில் பெரும்பகுதி அயோக்கியத்தனத்தால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. படிக்காமல் வந்தது, தேதியைத் தவறவிட்டது, ஃபோனை எடுக்காமல் விட்டது, இவற்றால்தான் வருகிறது. திறமையும் கவனமும் நெறிக்கு வெளியே இருக்கும் சமாச்சாரம் இல்லை.

படிக்காத தீர்ப்பு

அதனால்தான் கல்லூரி நாட்களின் சில்லறைப் பழக்கங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு, மூட் கோர்ட் என்பார்களே, அதற்கு மனு தயாரிக்கும் மாணவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேறொரு மனுவிலிருந்தோ கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்தோ தீர்ப்புகளின் பெயர்களை அப்படியே எடுத்து வரிசையாக அடுக்குவது. பத்துத் தீர்ப்பு இருந்தால் கனமாகத் தெரியும் அல்லவா. திறந்து படித்தது இரண்டாக இருக்கும்.

2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில் நடந்ததும் இதேதான், கொஞ்சம் பெரிய அளவில். விமானத்தில் பரிமாறும் தள்ளுவண்டி முழங்காலில் இடித்துக் காயம் என்று ஒரு பயணி போட்ட சாதாரண வழக்கு. பயணியின் வக்கீல் சாட்ஜிபிடியிடம் முன்தீர்ப்புகளைக் கேட்டு வாங்கி மனுவில் போட்டார். அப்படிப்பட்ட தீர்ப்புகளே உலகத்தில் இல்லை. எதிர்த்தரப்பு, எங்களால் இவற்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. நீதிமன்றம் நகல் கேட்டது. வக்கீல்கள் அதே மென்பொருளிடம் வாங்கிய போலித் தீர்ப்புரைகளையே தாக்கல் செய்தார்கள். இவை உண்மைதானா என்று அந்த மென்பொருளிடமே கேட்டதாகவும், ஆமாம் என்று அது சொன்னதாகவும் பிறகு தெரிந்தது. நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் போட்டார். கூடவே, யாருடைய பெயரில் போலித் தீர்ப்புகள் எழுதப்பட்டிருந்தனவோ அந்த நீதிபதிகளுக்கெல்லாம் கடிதம் எழுதித் தெரிவிக்கவும் உத்தரவிட்டார்.

தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியதில் தப்பில்லை என்று நீதிபதியே சொன்னார். சரிபார்க்காமல் தந்ததும், கேள்வி எழுந்த பிறகும் ஒத்துக்கொள்ளாமல் பிடிவாதமாக நின்றதும்தான் குற்றம். முதல் தப்பை விட்டுவிடுவோம், யாருக்கும் நடக்கலாம். இரண்டாவதைப் பாருங்கள். ‘நான் படிக்கவில்லை, மன்னிக்கவும்’ என்று ஒரு வரி சொல்ல வராததால் வந்தது அது. அந்த வரியை முதன்முதலாகச் சொல்லிப் பழக வேண்டிய இடம் நீதிமன்றமா, வகுப்பறையா?

மூட் கோர்ட்டில் இன்னொரு ஆசையும் வரும்: தன் வாதத்துக்கு எதிரான தீர்ப்பை மறைத்துவிடுவது. எதிரணி கண்டுபிடிக்கவில்லை என்றால் வெற்றிதானே? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வழக்கறிஞர் விதிகள் இதற்கு நேர் எதிரானவை. அந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு ஒன்று உங்களுக்குப் பாதகமாக இருந்து, எதிர்த்தரப்பு அதைச் சொல்லாமல் விட்டால், நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் முறை இதைக் கேட்கும் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். காரணம் எளிது: சட்டத்தைத் தப்பாகச் சொல்லி வாங்கிய தீர்ப்பு அடுத்தடுத்த வழக்குகளுக்கும் முன்மாதிரியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். உண்மைகளில் சண்டை போடலாம். சட்டம் எது என்பதில் நீதிபதியை ஏமாற்றக் கூடாது.

முதல் கட்சிக்காரர்

இதையெல்லாம் விரிவுரையில் சொன்னால் தூக்கம் வரும். அதனால் இப்போது பல நாடுகளில் சட்டக் கல்லூரிகள் இலவச சட்ட உதவி மையம் நடத்துகின்றன. ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்களே உண்மையான ஆட்களின் பிரச்சினையைக் கேட்டு, மனு எழுதிக் கொடுக்கிறார்கள். சில இடங்களில் நீதிமன்றத்தில் நிற்கவும் அனுமதி உண்டு. மருத்துவ மாணவர்கள் வார்டுக்குப் போவதுபோல.

முதல் ஆள் எதிரே வந்து உட்காரும்போதுதான் பாதிப் பாடம் புரியும். தீர்ப்பில் உண்மைகள் வடிகட்டி, எண் போட்டு, ஒழுங்காக வரும். ஆட்கள் அப்படிப் பேசுவதில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று வந்தவர், தம்பியோடு வந்த மனஸ்தாபத்தில் ஆரம்பிப்பார். மாணவர் மனதுக்குள் சட்டப்பிரிவைத் தேடிக்கொண்டே, தனக்கு வேண்டிய பதிலை நோக்கி அவரை இழுப்பார். அவர் உண்மையில் என்ன கேட்டு வந்தார் என்பது கடைசிவரை வெளியே வராமலேயே போகலாம். அப்புறம் ஆசிரியர் உட்காரவைத்து, ‘அவர் ரெண்டு தடவை தம்பியைப் பற்றிச் சொன்னாரே, ஏன் கேட்கவில்லை?’ என்பார். இந்த ஒரு கேள்வி நூறு பக்க விதித்தொகுப்புக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம். செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, மறுபடி செய்வது. நெறியைக் கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ரகசியம் காப்பதும் இங்கேதான் உறைக்கிறது. நண்பர்களிடம் சொல்ல நல்ல சுவாரசியமான கதை கையில் இருக்கும். பெயரைச் சொல்லாமல் சொன்னால் என்ன என்று தோன்றும். சின்ன ஊரில் பெயர் தேவையே இல்லை.

பணம் இன்னொன்று. கட்சிக்காரரின் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைப்பது சலிப்பூட்டும் விஷயம்தான். பல நாடுகளில் உரிமம் பறிபோவதற்கான முக்கியக் காரணங்களில் இதில் செய்யும் தவறும் ஒன்று. இந்தியாவில் பார் கவுன்சில் கட்டாயமாக்கியிருக்கும் தொழில்நெறிப் பாடத்தின் பெயரிலேயே கணக்கியலும் சேர்ந்திருப்பது ஏன் என்று யோசிக்கும் மாணவர்களுக்கு இதுதான் பதில்.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கோப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில் சொலிசிட்டருக்கு, அதாவது அங்கே கட்சிக்காரரோடு நேரடியாக வேலை செய்யும் வகை வழக்கறிஞருக்கு, அந்த உரிமை உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில், கோப்பு கட்சிக்காரருடையது, வழக்கறிஞர் அதை அடகுபோல வைத்திருக்க முடியாது என்று சொன்னது. ஃபீஸ் வேண்டுமென்றால் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஆகவே விதியைப் படிக்காமல் மனசாட்சியை மட்டும் நம்பிப் போவதும் ஆபத்துதான்.

கோட்டும் கவுனும்

இதுவரை உடையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பல கல்லூரிகளில் தொழில்நெறி என்று மாணவர் முதலில் கேள்விப்படுவது அதைத்தான்: கோட்டு, காலர், தலைமுடி, உச்சரிப்பு, எப்படி எழுந்து நிற்பது. நேரத்துக்கு வருவதும் மரியாதையாகப் பேசுவதும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ‘இந்தத் தொழிலுக்கு ஏற்ற தோற்றம்’ என்ற பேச்சின் வரலாறு அவ்வளவு நல்ல வரலாறு இல்லை.

1873-இல் மைரா பிராட்வெல்லுக்கு வழக்கறிஞராகும் உரிமை இல்லை என்று இல்லினாய்ஸ் சொன்னதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. பெண்ணின் இயல்பான மென்மை இதற்கு ஒத்துவராது என்று ஒரு நீதிபதி தனியாக எழுதியும் வைத்தார். 1913-இல் இங்கிலாந்தில் பெப் வழக்கில், சட்டத்தில் ‘நபர்’ என்றிருந்தாலும் சொலிசிட்டர் ஆகும் விஷயத்தில் அதில் பெண் அடங்க மாட்டாள் என்றார்கள். 1916-இல் வழக்கறிஞராகப் பதிவுசெய்யக் கேட்ட ரெஜினா குஹாவின் மனுவைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் நிராகரித்தது. 1919-இல் இங்கிலாந்திலும் 1923-இல் இந்தியாவிலும் சட்டம் கொண்டுவந்துதான் இந்தக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. தொழிலின் கண்ணியம் என்று அன்று காப்பாற்றப்பட்டது எது என்று இன்று படிக்கும்போது கூச்சமாக இருக்கிறது. முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வந்த ஒரு மாணவரிடம் ‘உன் பேச்சு புரொஃபஷனலாக இல்லை’ என்று சொல்வதற்கு முன், நாம் கேட்பது கட்சிக்காரருக்குத் தேவையான ஒன்றா, நமக்குப் பழகிப்போன ஒன்றா என்று ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளலாம்.

லேக் பிளசன்டுக்கு ஒரு தடவை திரும்பிப் போய்விட்டு முடித்துக்கொள்கிறேன். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகள் 2002-இல் திருத்தப்பட்டன. உயிர் போவதையோ பெரிய உடற்காயத்தையோ தடுக்க வேண்டியிருந்தால், கட்சிக்காரர் குற்றம் எதுவும் செய்யப்போகாவிட்டாலும் வக்கீல் ரகசியத்தை வெளியிடலாம் என்று ஆனது. ஸ்பால்டிங் போன்ற ஒருவரை அந்தத் திருத்தத்தின்படி எச்சரித்துவிட முடியும். ஆனால் விதியில் இருப்பது ‘வெளியிடலாம்’ என்ற சொல்தான், வெளியிட வேண்டும் என்று இல்லை. முடிவு இன்னமும் அந்த வக்கீலின் கையில்தான். அர்மானியும் பெல்ஜும் தேடிப்போன இடங்களில் இருந்தவர்களோ ஏற்கெனவே இறந்துபோனவர்கள். தடுக்க மரணம் எதுவும் மீதியில்லை. அதே தந்தை இன்று வந்து அதே கேள்வியைக் கேட்டாலும், அந்தத் திருத்தத்தின்படி அவருக்குச் சொல்ல அவர்களிடம் எதுவும் இருக்காது.